'மண்டையில் ஏறவில்லை' என்பவர்களுக்கு

கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, வாத்தியார்களை அதிகப்படுத்தி என்ன பிரயோஜனம் என்று பேசும் கனவான்கள் எந்தக் காலத்திலும் உண்டு. கொஞ்சம் நாசூக்கானவர்கள், "வாத்தியார் திறமைசாலியாக இருந்தால் போதும், வகுப்பில் எத்தனை பேர் என்பது அற்ப விஷயம்" என்பார்கள். சரக்கு ஒன்றுதான், பொட்டலம் வேறு!

இவர்கள் போற்றும் அமெரிக்காவிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டென்னஸி ராஜ்யத்தில் 1985-ல் தொடங்கி நான்கு ஆண்டுகள் அந்தச் சோதனை நடந்தது. 79 பள்ளிகள், சுமார் 11,600 பிள்ளைகள், பாலர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. யார் எந்த வகுப்பில் என்பதில் சிபாரிசுக்கு இடமில்லை, குலுக்கல்தான். வாத்தியார்களையும் அப்படியே பிரித்தார்கள். சில வகுப்புகளில் 13 முதல் 17 பிள்ளைகள். சிலவற்றில் வழக்கம்போல 22 முதல் 25. மூன்றாவது வகையில் கூட்டம் அதேதான். வாத்தியாருக்கு ஒரு முழுநேர உதவியாள் மட்டும் கூடுதல்.

நடந்தது என்ன? சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். அதிலும் அதிகம் முந்தியது யார்? கறுப்பின மக்களின் பிள்ளைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள்! நாலாம் வகுப்பில் எல்லோரும் பழைய நெரிசலுக்கே திரும்பினார்கள். ஆனாலும் பல ஆண்டுகள் கழித்து, கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களைக் கணக்கெடுத்தபோது, சிறு வகுப்பில் இருந்தவர்களின் விகிதமே அதிகம். உதவியாள் வைத்ததில் சொல்லத்தக்க பலன் இல்லை. சிக்கன வழி பலிக்கவில்லை, பாவம்!

"கலிபோர்னியாவில் தோற்றதே" என்பார்கள். அங்கே 1996-ல் அவசர அவசரமாக வகுப்பை 20 பேராகக் குறைத்தார்கள். முழுத் தகுதி பெறாதவர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தார்கள். அறைகள் போதவில்லை. ஏழைப் பேட்டைகளில் இருந்த அனுபவசாலி ஆசிரியர்கள் வசதியான பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். பலன் தெளிவாகத் தெரியவில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பதரை விதைத்துவிட்டு நிலத்தைக் குறை சொல்வதா?

நம் நாட்டுக்கு வருவோம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதன் அட்டவணையைப் படியுங்கள்: 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! ஒருவருக்கு மூன்று வகுப்பு, மற்றவருக்கு இரண்டு. ஒருவர் லீவு போட்டால் ஐந்தும் ஒருவர் தலையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதிக் காட்ட நிற்கும்போது வாத்தியார் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருப்பார். காகிதத்தில் மட்டும் விகிதம் சரி!

இரண்டு தறி ஓட்டியவனிடம் நாலு தறியைக் கட்டிவிட்டு, இழை அறுந்ததும் "உனக்குத் திறமை போதாது" என்று மெமோ நீட்டும் நிர்வாகத்தை மில் தொழிலாளி அறியாதவனா? அந்த மெமோதான் இன்று பிள்ளைகளுக்கும் வாத்தியார்களுக்கும் போகிறது.

சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நாற்று நடப் போகும் தாய்க்கும் அங்கே இடமுண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஒரு வாத்தியார் எத்தனை வகுப்பைச் சுமக்கிறார் என்று கேளுங்கள். வகுப்புக்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்று தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கல்வி அதிகாரிக்கு அனுப்புங்கள்.