முதலில் சுவர், பின்னரே மருந்து

எம். புதுப்பட்டியைச் சூழ்ந்த வெடித்தொழிற்சாலைகளில் உயிர்காக்கும் ஒழுங்கு ஒன்றுண்டு. மருந்து கலக்கும் அறை வேறு. அடைக்கும் அறை வேறு. அறைகட்கிடையே வெளி வேண்டும். ஓரறையில் இத்துணைப் பேர், இத்துணை எடை என்னும் வரம்பு வேண்டும். கலந்த மருந்தை மறுநாட்கு வைத்தலாகாது. வெடியோடு வாழ்தல் எத்துணைக் கொடிதென்பதை, 2023 அக்குதோபர் 17-ஆம் நாள் அவ்வூரையடுத்த இரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்ட துயரம் காட்டிற்று.

இவ்வொழுங்கையே கணிப்பொறி அறிஞர் வேறு பெயரிட்டுக் கற்பிக்கின்றனர். உலகில் ஒருங்கே நிகழும் பல செயல்களைக் கணிப்பொறியில் நிகழ்த்திக் காட்டுதற்கென, 1960-களில் நார்வே நாட்டு அறிஞர் தாலும் நைகார்டும் 'சிமுலா' என்னும் நிரல்மொழியை ஆக்கினர். பொருள்நோக்கு வடிவமைப்பு அதனின்று கிளைத்தது. அதன்கண் ஒவ்வொரு பொருளும் தன்னிலையைத் தன்னுள்ளே காக்கும். பிறிதொன்று சுவர் தாண்டி உட்புகுதல் கூடாது. செய்தி விடுத்தே வேண்டியதைப் பெறல் வேண்டும். பல பொருள்கள் ஒருங்கே இயங்குதல் உடனிகழ்வு. விடை சரியாயிருத்தலேயன்றி உரிய நொடியில் வருதலும் வேண்டுமென்பது நிகழ்நேரம். ஆங்குக் காலந்தாழ்ந்த விடை, சரியெனினும் பிழையே.

இவ்வொழுங்கு தவறின் விளைவதென்ன? 2012 சூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் சாண்டியேகோ துறைமுகத்தில், ஏறத்தாழ 18 மணித்துளி நிகழவேண்டிய வாணவேடிக்கை முழுதும் 15 நொடியளவில் வெடித்துத் தீர்ந்தது. முதன்மைக் கட்டளைக் கோப்பும் மாற்றுக் கோப்பும் தம்முள் கலந்தமையே ஏதுவென நிகழ்ச்சியை நடத்தியோர் பின்னர் விளக்கினர். பிரிந்து நிற்கவேண்டிய இரண்டு ஒன்றாயின, காலவொழுங்கு குலைந்தது. அன்று உயிரிழப்பில்லை. மருத்துவக் கருவியிலோ தொடர்வண்டிக் கைகாட்டியிலோ இத்தகு பிழை நேரின், ஈடு உயிராகவே இருக்கும்.

இவ்வட்டாரத்து ஏழைத்தாய் உயிரை முன்வைத்துக் கற்ற மெய்ம்மையை, அவள் மகன் பொறியியற் கல்லூரியில் 'என்கேப்சுலேசன்', 'கன்கரன்சி' எனப் பொருள் விளங்காது உருப்போடுகின்றான். உறையிடல் என்றும் உடனிகழ்வு என்றும் சொன்னால், தன் ஊரின் அறைகளும் சுவர்களும் அவன் கண்முன் நிற்குமன்றோ? தமிழில் சொல்லில்லை என்பார் தேடாதவரே. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிற்று. அத்தொடக்கம் கணிப்பொறியியலிலும் வேரூன்றித் தழைத்தல் வேண்டும்.

நாளை அத்தொழிற்சாலைகளில் மருந்து கலக்கும் பொறிக்கு நிரல் எழுதுவோன், சுவரின் பயனைச் சொல்லளவில் அன்றிப் பொருளளவில் உணர்ந்தவனாக இருத்தல் வேண்டும். அவ்வுணர்வைத் தாய்மொழிக் கல்வியே தரும். தமிழ்ப் பேராசிரியரும் கணிப்பொறி வல்லுநரும் ஒருங்கமர்ந்து பாடநூல் ஆக்குதல் இற்றைக் கடன்.