பூனையின் தெள்ளும் சிக்கனமான பரிகாரமும்

உழவர் வீட்டில் மாட்டுக்கு ஓர் இடமுண்டு. ஆட்டுக்கும் கோழிக்கும் இடமுண்டு. அவற்றிற்கு வரும் நோய்களைப்பற்றியும் அந்நோய்களுக்குரிய பரிகாரங்களைப்பற்றியும் அடிக்கடி எழுதப்பட்டு வருகிறது. ஆனால் நெற்குதிரின் அருகே இரவெல்லாம் கண்விழித்துக் காவல் புரியும் பூனையைப்பற்றி எழுதுவார் மிகச் சிலரே. கூலி கேளாமல் வேலை செய்யும் பிராணியாதலின், அதன் துன்பமும் கணக்கில் சேர்வதில்லை போலும். அத்துன்பங்களில் முதன்மையானது தெள்ளுப்பூச்சி. அதனை ஒழிக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை என்பதும், செலவைக் குறைக்கக் கருதி மாட்டு மருந்தைப் பூனைக்கு இடுதல் கூடவே கூடாது என்பதும் இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் இரண்டு விஷயங்களாம்.

செங்கற்பட்டு ஜில்லாவில் சிறுசேரியையும், அதனைச் சூழ்ந்துள்ள தாழம்பூர், படூர், தையூர், கேளம்பாக்கம் முதலிய ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். இங்கே இக்காலத்தில் இருவகைக் குடித்தனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருபுறம் மாடும் வைக்கோற்போரும் உள்ள பழைய வீடுகள். மற்றொருபுறம் சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவை ஒட்டி எழுந்த அடுக்குமாடி வீடுகள். பூனைக்கு இந்த வேறுபாடு தெரியாது, இரண்டிடத்தும் உலவுகிறது. தெள்ளும் அதனுடன் உலவுகிறது. கடலும் பக்கிங்ஹாம் கால்வாயும் கழியும் அண்மையில் இருத்தலால் இப்பகுதியின் காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் அவ்வீரம் இன்னும் அதிகரிக்கும். தெள்ளின் குஞ்சுப்புழு ஈரக்காற்றில்தான் பிழைக்கும். வறண்ட காற்றில் உலர்ந்து மடியும். ஆகவே இக்கடலோரத்தார் ஏனையோரினும் இவ்விஷயத்தில் அதிக ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும்.

பகைவனை வெல்லுமுன் அவன் இருப்பிடத்தை அறிதல் வேண்டும். பூனையின் உடலில் நாம் காணும் தெள்ளு, மொத்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கேயாகும். நூற்றுக்கு ஐந்து என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் இருக்கின்றன. பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஓரிரு நாட்களில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்குச் சுமார் 40 முட்டைகள் வரை இடவல்லது. பூனையின்மேல் பத்துப் பெண் தெள்ளுகள் இருந்தால் ஒரு வாரத்தில் 2,800 முட்டைகள் விழக்கூடும். முட்டை மயிரில் ஒட்டிக்கொள்ளாது. பூனை படுக்குமிடமெங்கும் உதிரும். அதிலிருந்து வெளிவரும் புழு வெளிச்சத்தை வெறுத்து, தரை வெடிப்பிலும் சாக்கின் மடிப்பிலும் ஒளியும். பெரிய தெள்ளுகள் கழித்த உலர்ந்த இரத்தமே அதற்கு உணவு. பின்னர்ப் பட்டுப்போன்ற கூடொன்றை நூற்று, மணலும் தூசியும் ஒட்டிய அக்கூட்டினுள் அடங்கியிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை முதல் தெள்ளு வரையிலான வளர்ச்சி மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடும். ஆயினும் உயிருள்ள பிராணி எதுவும் அண்டாத இடத்தில் கூட்டினுள் உள்ள தெள்ளு பல மாதங்கள் காத்திருக்க வல்லது. பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் கணுக்காலில் சுருக்கென்று கடிப்பது இத்தகைய தெள்ளுதான். காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் அது கூட்டைக் கிழித்து வெளிவருகிறது.

இதனின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, பூனைக்கு மட்டும் மருந்திட்டுத் தரையை விட்டுவிடுதல் வேரை விட்டுக் கிளையை வெட்டுவது போன்றது. மற்றொன்று, தெள்ளுக்கு அஞ்சிப் பூனையை ஊருக்கப்பால் கொண்டுபோய் விட்டுவிடுதலால் பயனில்லை. பூனை போனபின் பசித்த தெள்ளுகள் வீட்டிலுள்ள மனிதரையே நாடும்; குதிரில் எலியும் பெருகும்.

“ஒரு பூனைக்காக இவ்வளவு கவலை வேண்டுமா?” என்று கேட்பாருண்டு. வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். தெள்ளு மிகுந்தால் இளங்குட்டிகள் இரத்தம் குன்றி இறந்துபோகின்றன. வெள்ளரி விதை போன்ற துண்டுகளாக வெளிப்படும் நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளின் புழு தின்று வளர்கிறது. வளர்ந்த தெள்ளை நக்கி விழுங்கும் பூனைக்கும், அறியாமல் விழுங்கிவிடும் குழந்தைக்கும் அப்புழு தொற்றுகிறது. பூனைக் கீறலால் வரும் ஜுரத்தின் கிருமியும் தெள்ளின் கழிவிலிருந்தே பூனையின் நகத்தில் ஏறுகிறது. ஆகவே இது குழந்தைகள் தவழும் தரையைப்பற்றிய காரியமுமாகும்.

பூனைக்கும் தெள்ளுக்கும் நம் நாட்டு வைத்திய சரித்திரத்திலேயே ஓர் இடமுண்டு. 1898-ம் ஆண்டில் கராச்சியில், பிளேக் நோயைப் பரப்புவது எலித்தெள்ளே என்பதைச் சோதித்தறிந்த சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம் சோதனைக்குத் தெள்ளு போதாமையால், தாம் தங்கியிருந்த விடுதியருகே திரிந்த பூனையொன்றிலிருந்து சில தெள்ளுகளைக் கடன்வாங்கிக்கொண்டார். பின்னர் 1908-ல், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த புக்கானன் என்பவர், எலியை ஒழித்துப் பிளேக்கைத் தடுக்க வீடுகளில் பூனை வளர்ப்பது நல்ல உபாயம் என்று எழுதினார். பூனை தெள்ளைச் சுமப்பதும் உண்மை. எலியைக் குறைப்பதும் உண்மை. முன்னதை நீக்கிப் பின்னதைக் காத்துக்கொள்வதே விவேகம்.

இனி, செய்யத்தகாதவற்றை முதலில் கூறுவோம். மாட்டுண்ணிக்கென விற்கப்படும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மாடுள்ள வீடுகளில் எளிதிற் கிடைப்பவை. புட்டியில் மீந்த சில துளிகளை நீரிற் கலந்து பூனைமேல் ஊற்றினால் காசு மிச்சம் என்று தோன்றும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த துளிமருந்தைப் பூனைக்கும் இடுவாருண்டு. இவை பூனைக்கு நஞ்சாகும். இவ்வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் சக்தி மாட்டுக்கும் நாய்க்கும் இருப்பதுபோலப் பூனையின் ஈரலுக்கு இல்லை. மருந்து பட்ட சில மணி நேரத்தில் வாயில் நுரை ஒழுகும், காதும் தோலும் துடிக்கும், உடல் நடுங்கி வலிப்புக் காணும், உயிரும் போகும். அமிட்ராஸ் என்னும் உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது. தவறிப் பட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் உடனே கழுவித் துணியாற் போர்த்தி, மருந்தின் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், அந்துருண்டை ஆகியவையும் அவ்வாறே விலக்கத்தக்கன. பூனை தன் உடலை நாள் முழுவதும் நக்கும் இயல்பினது. ஆதலின் மேலே பூசியதெல்லாம் உள்ளே சென்றுவிடும். வேப்பெண்ணெய் நம் நாட்டு மருந்தாயிற்றே என்று சிலர் எண்ணுவர். பயிருக்கு நல்லதாயினும், அதனைக் கலப்பின்றிப் பூனையின் தோலிற் பூசுதல் அபாயமாகும். பூண்டை உணவிற் கலத்தலும் தீது. பூனையின் இரத்தத்தை அது கெடுக்கும்.

டி.டி.டி.யும் கமாக்ஸின் பொடியும் ஒருகாலத்தில் எல்லாப் பூச்சிகளுக்கும் ஒரே மருந்தெனப் போற்றப்பட்டன. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் தன்மையை 1939-ல் கண்டறிந்த முல்லர் என்பவர் 1948-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் அவற்றின் தீமை பின்னர்த் தெளிவாயிற்று. இந்தியாவில் உழவுத்தொழிலுக்கு டி.டி.டி. 1989-லும், பி.எச்.சி. 1997-லும் தடுக்கப்பட்டன, லிண்டேன் உபயோகம் 2013-ல் முற்றும் நின்றது. பழைய டப்பாவில் மீந்த பொடி பரணில் கிடந்தால் அதனைப் பூனைக்கோ தரைக்கோ தூவலாகாது.

நிற்க. செய்யத்தக்கவை யாவை எனின், அவை எளியவையே.

முதலாவது, சோதனை. பூனையை வெள்ளைத் துணிமேல் நிறுத்தி மயிரை எதிர்த்திசையில் வாரினால் மிளகுத்தூள் போன்ற கருந்துகள் உதிரும். அத்துணியை நீரால் நனைத்தால், துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவும். பரவினால் அது தெள்ளின் கழிவு. பரவாவிடின் வெறும் மண்.

இரண்டாவது, பேன் சீப்பு. நெருங்கிய பல்லுள்ள சீப்பினால் கழுத்து, முதுகு, வாலடி ஆகிய இடங்களை நாடோறும் வாரி, சீப்பில் அகப்பட்டவற்றைச் சோப்பு நீரில் அமிழ்த்துக. வெறும் நீராயின் தெள்ளு மேலே மிதந்து தப்பித் துள்ளிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கி இறக்கும். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்கு மருந்திடாமல் சீப்பு ஒன்றையே கொண்டு பரிகாரம் செய்தல் நலம். சீப்பின் விலை ஒருவேளைச் சிற்றுண்டிச் செலவிற்கு மேற்படாது.

மூன்றாவது, படுக்கை. பூனை பல இடங்களிற் படுக்குமாயின் முட்டையும் பல இடங்களில் விழும். ஆகவே ஒரு பழந்துணியை ஓரிடத்தில் விரித்து அதனை அங்கே பழக்கிவிடுக. அத்துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் இட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துக. கோணிப்பைகளையும் பாய்களையும் உதறி வெயிலில் இடுக. சித்திரை வெயிலின் சூட்டிலும் வறட்சியிலும் புழு பிழையாது.

நான்காவது, தரை. பரணின் கீழும் குதிரின் அடியிலும் கட்டிலின் மூலையிலும் ஒன்றுவிட்டு ஒருநாள் தவறாமல் பெருக்குக. பெருக்கிய குப்பையைத் தெருவோரத்தில் கொட்டினால் புழு மீண்டும் வரும். சோப்பு நீரில் இடுக, அல்லது எரித்துவிடுக. மண்தரையாயின் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து மெழுகுக. அடுக்குமாடி வீட்டார் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கையாளலாம். அதன் அதிர்வினால் கூட்டுத் தெள்ளுகள் வெளிப்பட்டு அகப்படும் என்பது ஓர் அனுகூலம். இவ்வேலையை ஆறு வாரத்திற்குக் குறையாமல் நடத்துதல் வேண்டும். இரண்டு வாரத்தில் தெள்ளு குறைந்ததென்று விட்டுவிடுவோர், கூட்டிலிருப்பவை வெளிவந்ததும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஐந்தாவது, விளக்குப் பொறி. இரவில் தரையில் ஓர் அகன்ற தட்டிற் சோப்பு நீர் வைத்து, ஒரு சாண் உயரத்தில் சிறு விளக்கை ஏற்றிவைத்தால், பசித்த தெள்ளுகள் வெளிச்சத்தையும் சூட்டையும் நாடித் துள்ளி நீரில் விழும். இதனால் மட்டும் தெள்ளு ஒழியாது. ஆனால் வாரந்தோறும் விழுபவற்றை எண்ணிப் பார்த்தால் நமது வேலை பலிக்கிறதா இல்லையா என்பது விளங்கும்.

இவ்வளவும் செய்தும் அடங்காவிடின், பூனைக்கென்றே செய்யப்பட்ட பிப்ரோனில், செலாமெக்டின் போன்ற துளிமருந்துகளுள் ஒன்றை மருத்துவரைக் கேட்டு, பூனையின் எடைக்கேற்ற அளவில், நாக்கு எட்டாத பிடரியில் இடலாம். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்க்கும் அவ்வவற்றிற்குரிய மருந்தை ஒரே நாளில் இடுதல் வேண்டும். இதற்குச் சிறிது பணம் செல்லும் என்பது மெய்யே. ஆனால் தரையைத் துப்புரவாக வைத்துள்ள வீட்டில் இம்மருந்து சில மாதங்களுக்கே வேண்டியிருக்கும். தரையைக் கவனியாத வீட்டிலோ ஆண்டு முழுவதும் வாங்கவேண்டிவரும். துடைப்பமே மருந்துச் செலவைக் குறைப்பது.

கடைசியாக, அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மாட்டுண்ணி மருந்தை விற்கும் கடையிலும் கொடுக்கும் மருந்தகத்திலும், “இது பூனைக்கு நஞ்சு” என்னும் மூன்று சொற்களைப் பெரிய தமிழெழுத்தில் எழுதி ஒட்டுவதற்கு ஆகும் செலவு அற்பம். அதனாற் பிழைக்கும் உயிர்கள் பல. கிராமங்களில் கால்நடை முகாம் நடக்கும் நாளில், மாட்டைக் கொண்டுவரும் குடியானவரிடம், “வீட்டில் பூனை உண்டா?” என்று ஒரு கேள்வி கேட்டல் நன்று. வெறிநோய்த் தடுப்பு ஊசியும் தெள்ளுப் பரிகாரமும் அதே மேசையிலேயே நடக்கலாம். 1903 முதல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்துவருகிறது. இந்த ஜில்லாவிலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. அறிவு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது குதிரடியில் படுத்திருக்கும் பூனைவரை வந்து சேரவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

அதுவரை குடியானவர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. பேன் சீப்பு, சோப்பு, துடைப்பம், வெயில் ஆகிய இந்நான்கும் இல்லாத வீடு சிறுசேரிப் பக்கத்தில் ஒன்றும் இராது. ஐப்பசி மழை பிடிக்குமுன் இவற்றைக் கொண்டு வேலையைத் தொடங்குவார்களாக.