கணையம் வேலை செய்கிறதா?

வயிற்றுவலி என்று போனால் ரத்தத்தில் அமைலேஸ், லைப்பேஸ் பார்க்கச் சொல்வார்கள். அளவு சரியாக இருந்தால் ‘கணையத்துக்கு ஒன்றுமில்லை’ என்று நோயாளி நிம்மதியாக வீடு திரும்புகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது. கணையம் திடீரென வீங்கும்போது ரத்தத்தில் கசியும் நொதிகளைத்தான் அந்தச் சோதனை காட்டும். சாப்பாட்டைச் செரிக்கும் அளவுக்குக் கணைய நீர் குடலுக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. நாட்பட்ட அழற்சியால் சிதைந்துபோன கணையத்திலும் ரத்தத்தில் இந்த நொதிகளின் அளவு இயல்பாக இருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய சோதனை ஒன்று உண்டு. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் கண்டறிந்த செக்ரட்டின் என்ற ஹார்மோனை ஊசியில் ஏற்றி, சிறுகுடலின் தொடக்கம் வரை குழாய் இறக்கி, ஒரு மணி நேரம் சுரக்கும் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அதில் பைகார்பனேட்டின் உச்ச அளவு லிட்டருக்கு 80 மில்லி ஈக்குவலன்டை எட்டாவிட்டால் குறைபாடு உண்டு என்று பொருள். துல்லியமான முறைதான், ஆனால் உலகிலேயே சில மையங்களில்தான் செய்கிறார்கள். மூன்று நாள் மலம் முழுவதையும் சேர்த்துக் கொழுப்பை அளப்பது இன்னொரு வழி. அதற்கு தினம் 100 கிராம் கொழுப்பு சாப்பிட வேண்டும். வலியில் சோறே இறங்காதவரிடம் இதை யார் சொல்வது?

நடைமுறைக்கு ஏற்றது, கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியை மலத்தில் அளக்கும் மல எலாஸ்டேஸ் சோதனை. சிறிதளவு மலம் போதும். ஒரு கிராமில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, 100-க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு. நொதி மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்தவும் வேண்டாம். அது பன்றிக் கணையத்தில் எடுத்தது, சோதனையோ மனித நொதியை மட்டும் அளக்கிறது. குறையும் உண்டு. தண்ணீராகப் போகும் மலத்தில் அளவு பொய்யாகக் குறையும். தொடக்கநிலைக் குறைபாடு பல நேரம் தப்பிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்காக மலம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் நொதியின் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்த பிறகே அப்படிப் போகும் என்று 1973-லேயே டிமாக்னோ என்ற ஆய்வாளரின் குழு காட்டிவிட்டது. கொழுப்பு குறைந்த சோற்றுச் சாப்பாட்டில் அந்த அறிகுறியும் மறைந்துவிடும். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்த, கணையத்தில் கல் விழும் நோய் தமிழகத்துக்கும் புதிதல்ல. அது இளம் வயதிலேயே சர்க்கரை நோயையும் கொண்டுவரும். அப்போது உடல் இளைத்தால் பழி முழுவதும் சர்க்கரை மேல் விழுகிறது. உண்டது செரிக்காமல் போவதை யாரும் தேடுவதில்லை.

குறைபாடு தெரிந்துவிட்டால் உணவோடு சேர்த்து எடுக்கும் நொதி மாத்திரை இருக்கிறது. எனவே அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்கள் அனைத்திலும் மல எலாஸ்டேஸ் சோதனை ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். கணையத்தில் கல் என்று ஸ்கேனில் வந்தவர்கள், ‘சுரப்பு எவ்வளவு இருக்கிறது?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.