அறிவுரை சொல்லாத தம்பி

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுவோம். ஒலிவாங்கி முன்னால் மூன்று விநாடி மௌனம் என்றாலே எங்களுக்குப் பயம். அந்தப் பழக்கத்தை வீடுவரை கொண்டுவந்ததில், ஒருவரின் இரண்டு மாதச் சம்பளம் கைநழுவிப் போகப் பார்த்தது.

எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். உணவகச் சமையலறையில் வேலை. கடைசி இரண்டு மாதம் சம்பளம் வராததால் வேலையை விட்டுவிட்டார். மின்தூக்கியில் என்னைப் பார்த்தபோது, “என்னம்மா செய்யலாம்?” என்று கேட்டார்.

“பொறுங்கக்கா, தெரிஞ்ச முதலாளிதானே, கொடுத்திடுவார். கேஸ் அது இதுன்னு போனா வக்கீலுக்கே பாதிப் பணம் போயிடும்,” என்றேன். சட்டத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காதவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்ன அறிவுரை அது.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. பணம் வரவில்லை. மனம் உறுத்த, இலவச சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்து நானே அவரை அழைத்துப் போனேன். அங்கே வழக்கறிஞர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 20 நிமிடம் ஒதுக்குவார். நாங்கள் போன இடத்தில், அதற்குமுன் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சட்டம் படிக்கும் ஒரு தம்பி தொண்டூழியராக உட்கார்ந்திருந்தார்.

அக்கா முதலாளியின் குணத்தில் ஆரம்பித்து, முதலாளி மனைவியின் நகைவரை போய் வந்தார். தம்பி குறுக்கிடவே இல்லை. முடித்ததும் கேட்டார்: “ஆன்ட்டி, கடைசியா வேலைக்குப் போன தேதி எது?”

வாட்ஸ்அப்பைத் தேடித் தேதியைக் கண்டுபிடித்தோம். அதை எழுதி, அடியில் கோடு போட்டார்.

“பணம் கிடைக்குமா தம்பி?”

“அதை நான் சொல்லக்கூடாது ஆன்ட்டி. நான் இன்னும் ஸ்டூடன்ட்தான். லாயர் சொல்வாங்க.”

அந்தக் கோட்டுக்கு அர்த்தம் உள்ளே போனபோதுதான் புரிந்தது. வேலையை விட்டவர்கள் சம்பளப் பாக்கிக்கு, கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அக்காவுக்கு மிச்சம் இருந்தது மூன்றே வாரம். சமரசம் முறிந்தால் விவகாரம் வேலை தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே 20,000 வெள்ளிவரை கோரலாம். இரு தரப்புக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆக, நான் சொன்ன ‘வக்கீலுக்குப் பாதிப் பணம்’ என்பதும் தப்பு.

வெளியே வந்து தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். இங்கே சட்ட மாணவர்கள் 20 மணி நேரம் இலவச சட்டத் தொண்டு செய்ய வேண்டும் என்ற விதி 2013ல் வந்தது. “அது எப்பவோ முடிஞ்சிடுச்சு அக்கா,” என்று சிரித்தார். மாணவர்களே நடத்தும் தொண்டுக் குழு ஒன்றில் அவர் இருக்கிறார். ஆலோசனை நடக்கும் இடங்களில் உதவுவது, வழக்கறிஞர்களுக்காகச் சட்ட விவரங்களைத் தேடிக் கொடுப்பது, அக்கம்பக்கத்தில் சட்ட விளக்கம் அளிப்பது என்று தேர்வு நேரத்திலும் வேலை இருக்குமாம்.

குழுவில் சேர்ந்ததும் சொல்லிக் கொடுத்தது இரண்டு விஷயம் என்றார். கேட்டதை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. தெரிந்தாலும் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. “நான் தப்பாச் சொன்னா நஷ்டம் எனக்கில்லையே அக்கா, அவங்களுக்குத்தானே?”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் சட்டம் படித்தவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் தெரியாத நான் மின்தூக்கியில் தீர்ப்பே சொல்லிவிட்டேன். ‘நல்லதுக்குத்தானே சொன்னேன்’ என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால், அக்கா இழந்த ஐந்து மாதத்தை என் நல்ல எண்ணம் திருப்பித் தரப்போவதில்லை.

மறுநாளே அக்கா விண்ணப்பித்தார். சமரசப் பேச்சில் முதலாளி இரண்டு தவணையில் தர ஒப்புக்கொண்டார். முதல் தவணை வந்த அன்று எங்கள் வீட்டுக்குக் கேசரி வந்தது. வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

போன வாரம் ஏழாம் மாடி ஆன்ட்டி மின்தூக்கியில் பிடித்துக்கொண்டார். வாடகைக்கு இருந்த வீட்டின் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்களாம். வாய்வரை வந்துவிட்டது. மூன்று விநாடி பேசாமல் நின்றேன்.

“எனக்குத் தெரியாது ஆன்ட்டி. வாங்க, தெரிஞ்சவங்ககிட்ட கேட்போம்.”