49 வயதோடு பெண் கணக்கு முடிவதில்லை: எங்கள் நிலைப்பாடு

இந்தியாவில் குடும்ப வன்முறை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைத்தான். 2019-21இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்றில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உச்ச வரம்பு ஏதுமின்றி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். வீட்டில் அடி உதை உண்டா என்ற கேள்வி மட்டும் 49 வயதோடு நின்றுவிட்டது. எழுபது வயதுப் பெண்ணின் கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தவர்கள், அந்தக் கையை யாராவது முறுக்கினார்களா என்று கேட்கவில்லை. 1992-93இல் பிள்ளைப்பேற்றையும் குழந்தை நலத்தையும் அளக்கத் தொடங்கிய ஆய்வு என்பதால், பிள்ளை பெறும் வயதே அதற்கு அளவுகோல் ஆனது. பெண்ணியமும் அந்த வரம்பைத் தன் வரம்பாக்கிக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. பெண்ணைக் கருப்பையாக மட்டும் பார்க்காதே என்று போராடிய இயக்கம், பிள்ளைப்பேறு ஓய்ந்ததும் அவளைக் கைவிடுவது எந்த வகையில் நியாயம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்த பெண்கள் சுமார் 5.3 கோடிப் பேர். பெண்கள் மீதான வன்முறை குறித்து உலக அளவில் கிடைக்கும் தரவுகளில் மூத்த பெண்களின் பங்கு பத்து விழுக்காடுதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் தெரிவித்தது. முதியோருக்காக 2017-18இல் நடந்த தனி ஆய்வு கொடுமைகளைப் பற்றிக் கேட்டது உண்மை. ஆனால் அந்த விடைகள் முதியோர் நலக் கோப்புக்குப் போகின்றன. பெண்கள் மீதான வன்முறைக் கணக்கில் சேருவதில்லை. கணவனின் கையை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்டால், உதவித்தொகையைப் பிடுங்கிக்கொள்வதும், பத்திரத்தில் கைநாட்டு வாங்குவதும், மாத்திரை வாங்கித் தராமல் இழுத்தடிப்பதும் வன்முறையாகவே தெரியாது.

மாமியார்தானே மருமகளை வதைக்கிறாள் என்று கேட்பார்கள். வதைப்பவர் உண்டு, அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரம் பெரும்பாலும் கணவனையும் மகனையும் சார்ந்தது. கணவன் இறந்து சொத்து கைமாறியதும் கரைந்துவிடுகிறது. ஒரு தாயும் மகளும் வீட்டு மகன் மீதும் மருமகள் உள்ளிட்டோர் மீதும் தொடுத்த வழக்கில்தான், குடும்ப வன்முறைச் சட்டத்தில் எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' ஆகவே இருக்க வேண்டும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியது. அதே நீதிமன்றம் 2020இல், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளின் குடியிருப்பு உரிமையைப் பறிக்க முடியாது என்றது. இரண்டு பெண்களின் உரிமையையும் ஒருசேரக் காக்க முடியும்.

மூத்த குடிமக்களுக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் ஜீவனாம்சம் வாங்கித் தரும். அடியைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில்தான் இருக்கிறது. அதற்கு வயது வரம்பே இல்லை. ஆகவே புகாரோடு வரும் மூதாட்டியை முதியோர் தீர்ப்பாயத்துக்கு மட்டும் கைகாட்டாமல், பாதுகாப்பு அலுவலர்கள் அந்தச் சட்டத்தின்கீழும் மனுவைப் பதிய வேண்டும். இனி வரும் கணக்கெடுப்புகளில் வன்முறைப் பகுதியின் உச்ச வயது வரம்பு நீக்கப்பட வேண்டும். மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பற்றியும் கேட்க வேண்டும். மகனை எதிரில் வைத்துக்கொண்டு தாய் வாய் திறக்க மாட்டாள் என்பதால், இந்தக் கேள்விகளை அவளிடம் தனியாகக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.