பெயரற்ற முகங்கள்

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகறிய அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினேழு ஆண்டுகளில், அதாவது 1856இல், சென்னையில் ஒளிப்படக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. லின்னேயசு டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1858இல் எடுத்த மதுரை, தஞ்சைக் கோவில்களின் படங்களை இன்றும் அருங்காட்சியகங்கள் காத்து வருகின்றன. ஆனால், அரங்குப்பெட்டியின் அடியிலும் பரண்மேலும் கிடக்கும் வீட்டுப் படங்களைக் காப்பதற்கு வீட்டாரையன்றி வேறு எவரும் இலர்.

அப்படங்கள் வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியவர்கள் நம் முன்னோர். ஆதலால் இறந்த பின்னர் நாற்காலியில் சாய்த்து எடுத்த படமே பலருக்கும் முதலும் முடிவுமான படமாயிற்று. பூத்தைத்த பின்னல் தெரியும்பொருட்டுப் பெண்ணின் பின்னே நிலைக்கண்ணாடி வைத்து எடுத்த படங்கள் ஒரு காலத்தின் வழக்கத்தைச் சொல்கின்றன. திருமணக் குழுப்படத்தில் யார் நாற்காலியில் அமர்ந்தார், யார் நின்றார், யார் தரையில் இருந்தார் என்பதைக் கொண்டே ஒரு குடும்பத்தின் படிநிலையை அறியலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், தமிழகத்தின் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைப் பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன் மின்படியாக்கியதும் அவற்றின் வரலாற்று மதிப்பை உணர்ந்தே.

ஈரக்காற்றும் வெள்ளிப்பூச்சியும் கறையானும் படத்தின் பகைவர்கள். சட்டத்தின் மேலிட்ட மாலையிலிருந்து கசியும் நீரும் அத்தகையதே. மதிப்புச் செய்வதாக எண்ணி நாமே செய்யும் கேடு அது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாமல் சட்டத்துடனேயே படியெடுப்பது நன்று. பசைப் பக்கங்கள் கொண்ட தொகுப்பேடுகளும் நெகிழித்தாள் ஒட்டிக் காப்பிடுவதும் நாளடைவில் படத்தைக் கெடுக்கும்.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. படம் அப்படியே இருக்கும். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்வதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். பாட்டியின் காலத்தில் பெயரோடும் உறவோடும் இருந்த முகம், பேரனின் காலத்தில் 'யாரோ ஒருவர்' ஆகிவிடுகிறது. இந்நிலை பெண்களுக்கே மிகுதியாக நேர்கிறது. படத்தின் பின்புறத்தில் ஆணின் பெயரும் பதவியும் எழுதப்பட்டிருக்கும். அருகில் நிற்பவர் 'மனைவி' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவார். எனவே படியெடுக்கும் கருவியைத் தேடுவதற்கு முன்னர், படத்தை முதியவர்முன் வைத்துக் கேட்பதே முதற்பணி. கேட்ட பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான கரிக்கோலால் அழுத்தாமல் எழுதலாம். பந்துமுனைப் பேனாவின் தடம் முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும்.

பாகம் பிரிக்கும்போது நிலத்தை அளந்து பிரித்துவிடுகிறார்கள். படங்கள் மட்டும் மூத்தவர் வீட்டோடு தங்கிவிடுகின்றன. கேட்டால் கொடுக்க மனம் வருவதில்லை. நிலத்தைப் பகிர்ந்தால் பங்கு குறையும். படத்தைப் பகிர்ந்தால் எதுவும் குறைவதில்லை. ஒரே வீட்டில் பூட்டிய படம் ஒரு மழை வெள்ளத்தில் போய்விடும்; பத்து உறவினர் வீடுகளில் படியிருந்தால் ஒன்றேனும் எஞ்சும். புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருங்கி நுணுக்கம் இழக்கும். ஆதலால் ஆவணமாக அனுப்புவதே முறை.

உறவினருக்குள் பகிர்வது வேறு, ஊரறியப் பரப்புவது வேறு. உயிரோடிருப்பவரின் இளமைப் படத்தை அவர் இசைவின்றிச் சமூக ஊடகத்தில் இடுவது அன்பாகாது. பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குச் செயலியைக்கொண்டு வண்ணமேற்றும் வழக்கமும் இன்று பெருகிவருகிறது. அச்செயலிக்குச் சேலையின் உண்மை நிறம் தெரியாது; அது ஊகித்தே பூசுகிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கும்போது சிலவேளை வேறொரு முகத்தையே வரைந்துவிடுகிறது. அவ்வாறு மாற்றிய படத்தைப் பகிர்வோர், மாற்றப்பட்டது எனக் குறித்து, மூலப்படத்தின் படியையும் உடன் அனுப்ப வேண்டும்.