கர்ப்பிணிகளின் ஈறுநோயை அலட்சியப்படுத்தலாமா?



என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். பல் துலக்கினாலே இரத்தம் வருகிறது. முன்பல் இடுக்கில் ஈறு சிவந்து, தொட்டாலே வலிக்கும் அளவுக்குத் தடித்திருக்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வாயைக்கூடப் பார்க்காமல், "பிள்ளை பிறந்ததும் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இதே பதிலோடு திரும்பிய பெண்கள் எங்கள் அக்கம்பக்கத்திலும் இருக்கிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டரோன் போன்ற ஹார்மோன்கள் கூடுவதால், பல்லடியில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் ஈறு வீங்கிவிடும். ஏற்கெனவே ஈறுநோய் உள்ளவர்களுக்கு அது முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கக்கூடும். நோய் முற்றிய தாய்மார்களிடம் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாவதும், குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பதும் அதிகம் என்று 1996 முதல் பல ஆய்வுகள் சொல்லி வருகின்றன. ஈற்றைச் சுத்தம் செய்தாலே குறைப்பிரசவம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் அது குறையவில்லை. ஆனால் சிகிச்சையால் தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல் இல்லை, ஈறும் தேறியது என்று காட்டியதும் அதே ஆய்வுதான். பிறகு எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள்? நாற்காலியில் சாய்ந்து சிகிச்சை பெற வசதியான காலமே நான்கு முதல் ஆறாம் மாதம் வரைதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் பல்லுக்காக வரிசையில் நிற்பாள்? ஈறுநோயோடு பற்சொத்தையும் இருந்தால், அந்தக் கிருமி கஞ்சியை ருசி பார்த்த அதே கரண்டி வழியே பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

கர்ப்பிணிகளின் வாய்நலத்தைக் கவனிப்பது மலேசியச் சுகாதார அமைச்சின் திட்டத்திலேயே உள்ளது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் தாதியரை உருவாக்க 1949இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஊர் இந்தப் பினாங்கு. இங்கேயே கர்ப்பிணிகளை இப்படி நடத்துவது வேதனை.

மாநிலச் சுகாதார இலாகாவைக் கேட்டுக்கொள்கிறேன்: கர்ப்பிணி முதன்முதலாகப் பதிவுக்கு வரும் நாளிலேயே பல் பரிசோதனைக்கும் தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் அவர் வந்தாரா என்று தாதியர் அடுத்த முறை விசாரிக்கட்டும். கிளினிக் சுவரில் ஒட்டும் வாய்நல அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுங்கள். கர்ப்பிணிகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தனியார் கிளினிக்குகளுக்கும் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

கர்ப்பிணிப் பெண்களே, ஈற்றில் இரத்தம் கண்டால் பிரசவம்வரை காத்திருக்காதீர்கள். ஒரு கிளினிக் மறுத்தால் இன்னொன்றுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு